இரண்டு மணி வாழைப்பழம்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவருடைய உடம்பில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதையே பெயரோடு சேர்த்துவிடுவோம். நொண்டி, பல்லன், ஒற்றைக் காது என்று அமெரிக்காவின் இந்த மினியாபொலிஸ் ஊர் முழுக்கச் சோமாலிகள் திரிகிறார்கள். ஒருவருக்கும் கோபம் வருவதில்லை. தஹபோ எங்களுக்கு நெட்டை தஹபோ. எந்தக் கதவில் நுழைந்தாலும் தலையைக் குனிவாள், குனியத் தேவையில்லாத கதவிலும் குனிவாள். நான் மிளகாய் கல்தூன். அது என் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை.

தஹபோ என்னைவிட ஆறு வயது மூத்தவள். எண்பதுகளில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் கூடைப்பந்து ஆடியவள், முதலில் பள்ளிக்கூட அணியில், பிறகு நகர அணியில். அரைக்கால் சட்டையோடு பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று அவளிடம் இருந்ததாம். போரில் வீட்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

"போனது நல்லதாப் போச்சு. என் மருமக அதைப் பாத்திருந்தா மயங்கி விழுந்திருப்பா" என்பாள்.

போருக்குப் பிறகு கென்யாவில் ஐந்து வருடம் அகதி முகாம். நானும் அங்கேதான் இருந்தேன், ஆனால் அப்போது அவளைத் தெரியாது. பிறகு ஒரு ஜனவரியில், காலுறை கூட இல்லாமல், இந்த ஊரில் வந்து இறங்கினாள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளுக்குத் துணையாகப் போகும் வேலை கிடைத்தது. அதையே இருபது வருடத்துக்கு மேலாகச் செய்கிறாள். கணவர் இறந்தபின் மகன் லிபான் வீட்டில் இருக்கிறாள்.

எங்களை நடக்க வைத்தவள் அவள்தான். இந்த ஊரில் பாதி வருடம் பனி. வீட்டை விட்டால் கார், காரை விட்டால் வேலை, வேலையை விட்டால் சோறு. எல்லோருக்கும் முட்டி வலி, எல்லோருக்கும் மூச்சிரைப்பு. தஹபோ எங்களில் எட்டுப் பேரைப் பிடித்து, சோமாலிக் கடைகள் இருக்கும் அங்காடிக்குள் நடக்கக் கூட்டிப்போனாள். துணிக்கடை, அத்தர்க்கடை, பணம் அனுப்பும் கடை, டீக்கடை எல்லாவற்றையும் சுற்றி வந்தால் ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். முழங்காலைத் தாண்டித் தொங்கும் முக்காடும் காலில் ஓட்டப்பந்தய ஷூவுமாக நாங்கள் போவதைப் பார்த்து, டீக்கடை ஆண்கள் முதல் வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

"பட்டாளம் கிளம்பிடுச்சுடோய்! யாரு மேலம்மா படையெடுப்பு?"

"உங்க மேலதான்" என்றாள் தஹபோ, நிற்காமலேயே. "நாலு சீனி போட்டுக் குடிச்சுக் குடிச்சு நீங்க சாஞ்சதும், தூக்கிட்டுப் போக உங்க பொண்டாட்டிக்குத் தெம்பு வேணாமா?"

அதன்பிறகு அவர்கள் நாற்காலிகளை ஓரமாக இழுத்து எங்களுக்கு வழி விட்டார்கள்.

நோன்பு மாதத்தில் நடப்பதா வேண்டாமா என்பது பெரிய சண்டை. பகலெல்லாம் படுத்திருந்தால்தான் நோன்பு தாங்கும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். படுத்தே இருந்தால் நோன்பு முடிவதற்குள் முட்டி இறுகிவிடும் என்று தஹபோ சொன்னாள். நடுவில் எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான ஷம்ஸோ, யாருக்கும் சொல்லாமல், நோன்போடு காலை பதினொரு மணிக்கு ஜிம்முக்குப் போய், ஓடும் இயந்திரத்தில் ஏறி, மயங்கி விழுந்து, நெற்றியில் நாலு தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நெற்றியைப் பார்த்தபிறகுதான் தஹபோ சட்டம் போட ஆரம்பித்தாள்.

நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் நடக்கலாம், நடந்து முடித்ததும் தண்ணீர் கைக்கு வந்துவிடும். நடந்துகொண்டே புறம் பேச முடியவேண்டும், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். விடியலுக்கு முன் சாப்பிடும்போது வெறும் டீயைக் குடித்துவிட்டு வரக்கூடாது, நாலு டம்ளர் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். ஓடுவது, கனம் தூக்குவது எல்லாம் பெருநாளுக்கு அப்புறம். தனியாக ஒருத்தியும் நடக்கக் கூடாது. ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சின்னத் துணிப்பை, அதற்குள் மூன்று பேரீச்சம்பழம். பைகளை அவளே தைத்தாள்.

"இது அலங்காரத்துக்கு இல்ல" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். "தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா, அங்கேயே உக்காரு. பழத்தை வாயில போடு. நோன்பு போச்சுன்னா பெருநாளுக்கு அப்புறம் ஒண்ணு வச்சுக்கலாம். உயிர் போச்சுன்னா யாரடி வைக்கிறது?"

எனக்கு அவள் தலைவியாக இருப்பதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஒளிக்கவில்லை. நான் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். மாத்திரை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நான் சொன்னால் எவள் கேட்கிறாள்? "கல்தூன், மெதுவா! ரயிலா பிடிக்கப் போற?" என்று எல்லோர் முன்னாலும் தஹபோ என்னைத்தான் அதட்டுவாள்.

இந்த வருடம் நோன்பு மார்ச் கடைசியில் பிறந்தது. தலைநோன்புக்கு முன்னால் செய்த தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒருவரிடம் ஒருவர் கேட்பது எங்கள் வழக்கம். நானும் எல்லோரிடமும் கேட்பதுபோல் அவளிடமும் கேட்டுவைத்தேன்.

"பொறுத்துக்கிட்டேன் போ" என்றாள். "இந்த மாசம் நீ பேசப்போறதையும் சேத்தே பொறுத்துக்கிட்டேன்."

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் என்னை அவள் காரில் ஏற்றிக்கொண்டாள். கையுறை கீழே விழுந்ததென்று குனிந்தேன். இருக்கைக்கு அடியில் வாழைப்பழத் தோல் ஒன்று கிடந்தது. காய்ந்த தோலாக இருந்தால் நோன்புக்கு முந்தியது என்று விட்டிருப்பேன். இது மஞ்சளாக, ஈரமாக இருந்தது. அன்றைக்குத் தின்றது.

அவளுக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடமாகிவிட்டது. பயணமும் இல்லை. நல்ல உடம்பு, எங்கள் எல்லோரையும்விட நல்ல உடம்பு. நோன்பை விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்றும் இல்லை என்று நான் முடிவு கட்டினேன். எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டு, பை தைத்துக் கொடுத்து, அவள் மட்டும் காருக்குள் உட்கார்ந்து வாழைப்பழம் உரிக்கிறாள். சோற்றோடு வாழைப்பழம் இல்லாமல் எங்களுக்குத் தொண்டையில் இறங்காது, அது வேறு விஷயம். இது பட்டப்பகல்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். எதற்கும் வாயை மூடாத நான் இதற்கு மூடிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. என் கார் நன்றாகத்தான் ஓடியது. ஓடவில்லை என்று பொய் சொல்லி, காலை பதினொரு மணிக்கே அவளோடு ஒட்டிக்கொண்டேன். நோன்புக்காரி பொய் சொல்லக் கூடாது என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. தையற்கடைக்குப் போனோம், இறைச்சிக் கடைக்குப் போனோம். ஒன்றரை மணிக்கு இன்னொரு கடை வாசலில் காரை நிறுத்தினாள்.

"நீ உள்ள போயிட்டு வா. எனக்குக் காலு வலிக்குது, இப்படியே உக்காந்திருக்கேன்."

"எனக்கும்தான் வலிக்குது. நானும் உக்கார்றேன்."

"அரிசி வாங்கணும்னு சொன்னியே?"

"அரிசி எங்க ஓடிப்போகுது?"

இரண்டு மணிக்கு ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று காரிலிருந்து இறங்கினாள். எனக்கும் ஒதுங்க வேண்டும் என்று கூடவே போனேன், கைப்பையைக் காட்டி, "இங்க குடு, நான் வச்சுக்கிறேன்" என்று வாங்கியும் கொண்டேன், பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. மூன்று மணிக்கு, வீட்டில் ஒன்று மறந்துவிட்டேன், உன்னை அங்காடியில் இறக்கிவிட்டுப் போய் வருகிறேன் என்றாள். உன் மருமகளைப் பார்த்து நாளாயிற்று, நானும் வருகிறேன் என்றேன். வீட்டில் லிபானும் அவன் மனைவியும் நோன்போடு உட்கார்ந்திருந்தார்கள். தஹபோ சமையலறைப் பக்கம் ஒருமுறை போனாள், நானும் பின்னாலேயே போனேன். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விருந்தாளியைப் போ என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஐந்து மணி வாக்கில் அவள் பேச்சு குறைந்துபோனது. நான் உள்ளுக்குள் மகிழ்ந்துபோனேன். இன்றைக்கு ஒரு நோன்பையாவது இவளை முழுசாகப் பிடிக்க வைத்துவிட்டேன், அந்த நன்மையில் எனக்கும் பங்கு உண்டு என்று கணக்குப் போட்டேன். இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஏழு மணிக்கு எல்லோரும் அங்காடியில் கூடினோம். வெளியே ஏப்ரல் பனி கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே கூட்டம். கடைக்குக் கடை சம்பூசா பொரிகிற வாசனை. அன்று மாலை நோன்பு திறப்பதற்கான பாங்கு ஏழு நாற்பதுக்கு மேல்தான். முதல் இரண்டு சுற்று தஹபோ வழக்கம்போல முன்னால் போனாள். மூன்றாவதில் பின்தங்கினாள். ஐந்தாவதில், அத்தர்க்கடைக்கு எதிரே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னக்கா, ரயில் கிளம்பலியா?" என்று நான் நக்கலாகக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஆனால் என்னைத் தெரிந்துகொண்டு பார்க்கவில்லை. "பந்தை இங்க போடு" என்றாள். "சுருக்கா போடு, ஆள் வர்றதுக்குள்ள."

முகத்தில் முத்து முத்தாக வியர்வை. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது, நடுங்கியது. என் வேலையில் இந்த வியர்வையை நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாதவர்களுக்கு வருகிற வியர்வை அது. அவளைத் தரையில் உட்கார வைத்து, பகலெல்லாம் நான் காவல் காத்த அந்தக் கைப்பையைத் திறந்தேன். இன்சுலின் ஊசி. சர்க்கரை பார்க்கும் கருவி. ஒரு வாழைப்பழம், கறுத்துப்போய், நசுங்கி.

காலையில் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்குச் சாப்பிட வேண்டியவள். அந்த இரண்டு மணியிலிருந்து அவளை நான்தான் பட்டினி போட்டிருக்கிறேன்.

விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"ஷம்ஸோ! மாம்பழ ஜூஸ், ஓடு!" என்று கத்தினேன். என் பையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"பாங்கு சொல்லல" என்றாள். "எல்லாரும் பாக்குறாங்க. பாங்கு சொல்லல."

பந்து எது, பழம் எது என்று தெரியாத நிலையிலும் அது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாதி அங்காடியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. டீக்கடை நாற்காலிகளிலிருந்து ஆண்கள் எழுந்துவிட்டார்கள்.

"சுத்தி நில்லுங்கடி!" என்றேன்.

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரே இல்லாத முகாமில் குளிக்கவும், துணி மாற்றவும், பிள்ளை பெறவும் ஒருத்திக்கு ஒருத்தி சுவராக நின்று பழகியவர்கள் நாங்கள். எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி மற்றவர்கள் வட்டமாக நின்று, முக்காட்டின் ஓரங்களை இரண்டு கையாலும் பிடித்து விரித்தார்கள். ஜூஸோடு ஓடி வந்த ஷம்ஸோ, டப்பாவை உள்ளே நீட்டிவிட்டு, அவளும் திரும்பி நின்று விரித்தாள். உள்ளே நானும் தஹபோவும் மட்டும்.

"அக்கா, இப்ப யாரும் பாக்கல. குடி."

"நீ பாக்குற."

அது என்னை எங்கே போய்த் தைத்தது என்று சொல்லத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"பாத்ததுக்குத்தான் அனுபவிக்கிறேன். வாழைப்பழத் தோலைப் பாத்தேன், உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கார் நல்லாத்தான் இருக்கு, பொய் சொன்னேன். உன்னைப் பிடிக்கணும்னே காலையிலருந்து கூட வந்தேன். என்னைத் திட்டணும்னா நீ உயிரோட இருக்கணும். குடிக்கா."

என் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் உறிஞ்சுகுழலை அவள் உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழல் அசைந்தது. ஒரு மடக்கு. இன்னொன்று. கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டப்பா காலியாகி அந்தக் கொரகொர சத்தம் வந்தபோது, அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வெளியே யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். பத்து நிமிடம் பார்ப்போம், ஏறாவிட்டால் உடனே கூப்பிடு என்றேன். நடுவில் மேல்மாடிப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அங்காடி முழுக்கச் சலசலத்தது. தண்ணீர், பழம், சம்பூசா என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். எங்கள் வட்டத்தில் ஒருத்தி கூடப் பைக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. எல்லோர் கையும் முக்காட்டைப் பிடித்திருந்தது. பதினான்கு மணி நேரம் தண்ணீர் படாத உதடுகளோடு அப்படியே நின்றார்கள்.

என் பக்கத்திலிருந்து தஹபோவின் பழைய குரல் வந்தது.

"அடியேய், பாங்கு சொல்லியாச்சு! நோன்பு திறக்கத் தாமதிக்கக் கூடாதுன்னு தெரியாதா? ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?"

முதலில் சிரித்தது ஷம்ஸோ. அடுத்து எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து, அழுது, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் தடவை பார்த்தபோது எண்பத்து மூன்று.

அத்தர்க்கடைக்காரர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டுச் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள். போன வருடமே சர்க்கரை வந்துவிட்டது. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இமாமும் அதையே சொன்னார், விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும் என்றார். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஏன்க்கா? எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"முகாம்ல கஞ்சிக்கு மாவு இல்லாத நாள்லகூட நோன்பு பிடிச்சவ நான். இங்க வீடு நிறைய அரிசி கிடக்கும்போது விட்டுட்டேன்னு எந்த வாயால சொல்வேன்?" என்றாள். சோற்றைக் கிளறினாள். "அது மட்டும் இல்லடி. இவ தினம் நடக்குறவ, இவளுக்கே சர்க்கரை வந்துருச்சுன்னு தெரிஞ்சா, நடந்து என்ன புண்ணியம்னு நீங்க எல்லாம் வீட்டுல உக்காந்துருவீங்க. அப்புறம் நான் யாரோட நடப்பேன்?"

ஷம்ஸோ தொண்டையைச் செருமினாள். பிரஷர் மாத்திரைக்காகத் தானும் நாலு நோன்பை விட்டதாகவும், வீட்டுக் கழிவறையில் ஒளிந்து ரொட்டி தின்றதாகவும் சொன்னாள்.

"கழிவறையிலயா? சீ! நான் பரவாயில்ல, கார்ல" என்றாள் தஹபோ.

திங்கட்கிழமை லிபான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். ஊசியின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார்கள். நடக்கலாம், நடப்பதற்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும் என்றார்கள். தஹபோ தன் சட்டத்தில் இன்னொன்றைச் சேர்த்தாள். என்ன நோய், என்ன மாத்திரை என்று மறைப்பவள் நடக்க வரவேண்டியதில்லை.

ஆனால் நோன்புக்காரர்கள் முன்னால் வாயை அசைக்க அவளுக்கு இன்னும் வெட்கம்தான். அதனால் நாங்களே ஒரு வழி செய்தோம். வேலை இல்லாத நாட்களில் இரண்டு மணிக்கே அங்காடியில் கூடிவிடுவோம். அவள் சுவரோரம் உட்காருவாள். நாங்கள் முதுகைக் காட்டி நின்று முக்காட்டை விரிப்போம். டீக்கடை ஆண்களும் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்படி நின்றேன். அந்த ஒரு வாரமாக நான் அவளிடம் சரியாகப் பேசவே இல்லை. பொறுத்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. நோன்புக்கு முன்னால் வெறும் வாயால் கேட்டுத் தீர்த்துவிட்ட சொல் அது, இப்போது தேவைப்படுகிற நேரத்தில் என்னிடம் இல்லை. பின்னால் தோல் உரிகிற சத்தம் கேட்டது.

"கல்தூன், திரும்பாதே."

"திரும்பலக்கா."

"கண்ணு?"

"மூடித்தான் இருக்கு."

மென்று முடிக்கும்வரை அசையாமல் நின்றேன். பிறகு என் கையில் குளிர்ச்சியாக ஏதோ வந்து விழுந்தது. வாழைப்பழத் தோல்.

"இந்தா, வச்சுக்க" என்றாள். "இதைத் தேடித்தானே அன்னைக்கு நாள் பூரா என் பின்னால அலைஞ்ச." எழுந்து, என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "வா, நடப்போம். மெதுவா."